நாரை என்று எழுதிய குழாய்

ஒரிசியா பிலவுஸ் 1956ஆம் ஆண்டு, வின்னிபெக் நகரின் கிழக்குக் கோடியில், ரயில் பட்டறையின் சங்கொலி கேட்கும் தூரத்தில், உக்ரைனியக் குடும்பம் ஒன்றில் பிறந்தாள். தந்தை பெட்ரோ அந்தப் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்தவர். தாய் ஸ்டெஃபானியா தையல் ஆலையில் குளிர்கால மேலங்கிகளுக்குப் பித்தான் துளை தைத்தவள். நாற்பத்தாறு வயதில் அவள் இறந்தபோது வீட்டில் அதை 'வயிற்றுக் கட்டி' என்றுதான் சொன்னார்கள். சினைப்பை என்ற சொல்லை உச்சரிக்க அந்தத் தலைமுறைக்கு நா எழவில்லை. அப்போது ஒரிசியா கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டே உயிரியலுக்கு மாறினாள். தாயைத் தின்ற நோயை நேருக்கு நேர் பார்ப்பதற்காகவே மாறினாள் என்று உறவினர்கள் சொல்வதுண்டு. அவள் வாயால் அதைக் கேட்டவர் எவருமில்லை.

நோயைப் பார்த்தாள் என்பது உண்மைதான். ஆற்றை ஒட்டிய புற்றுநோய் ஆய்வகம் ஒன்றில் அவளுடைய வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. நம் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. இழைகள் ஓயாமல் அறுபடுகின்றன. வெயிலால், புகையால், சும்மா உயிரோடு இருப்பதாலேயே அறுபடுகின்றன. அறுந்ததைக் கண்டுபிடித்து ஒட்டவைக்கச் சில புரதங்கள் உண்டு. அவற்றுள் உருவத்தில் பெரிய ஒன்று மற்றவற்றைச் சரியான இடத்துக்கு அழைத்துவந்து வேலை வாங்குகிறது. பட்டறைக்காரர் மகளான ஒரிசியா அதற்கு 'மேஸ்திரி' என்று பெயர் வைத்திருந்தாள். மேஸ்திரியைச் செய்வதற்கான மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி பிறப்பிலேயே பழுதானவர்களுக்கு மற்றொன்றும் என்றைக்காவது பழுதாகும்போது அறுந்த இழைகள் அறுந்தபடியே கிடக்கும். புற்றுநோய் அங்கேதான் தொடங்குகிறது. இதை அவள் மாணவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள். தன் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ள மட்டும் ஒருநாளும் போனதில்லை. கேட்டவர்களிடம் "வேலை கொஞ்சம் ஓயட்டும்" என்பாள். அவளுக்குப் பயம்.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளிகளின் செல்களை எதனோடாவது ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் அல்லவா? அதற்கு நலமாயுள்ளவர்களின் செல் தேவை. எனவே, அங்கே வேலை பார்ப்பவர்களே கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிடுவார்கள். அதிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, ஒரு வைரஸைக் கலந்து, சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும்படி வளர்த்து, சிறுசிறு குழாய்களில் திரவ நைட்ரஜனுக்குள் உறையவைப்பார்கள். இதற்கு 'வீட்டு ரத்தம்' என்று பெயர். குழாயில் கொடுத்தவரின் பெயரை எழுதக்கூடாது என்பது விதி; ஆகவே ஆளுக்கொரு பறவையின் பெயர். எந்தப் பறவை யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரிசியா, தன் தாயின் பூத்தையலில் இருந்த நாரையைத் தேர்ந்தெடுத்தாள்.

நாரைக்கு ரத்தம் கொடுத்தது 1993இல், ஆய்வகம் புதிய கட்டடத்துக்கு மாறிய வசந்தத்தில். மற்றவர்களின் செல்கள் சீக்கிரமே பெருகிவிட்டன. அவளுடையவை பல வாரம் தாமதித்தன. உக்ரைனியரின் ஈஸ்டர் பழைய நாட்காட்டிப்படி தள்ளி வரும்; அதைச் சொல்லிப் பக்கத்து மேசைக்காரன் முர்டோ இன்க்ஸ்டர் அப்போது விடாமல் கேலி செய்தான்.

"உன் செல்லுங்களும் உன்ன மாதிரியே ரெண்டு ஈஸ்டர் கொண்டாடுது போல. எங்க ஈஸ்டருக்கு ஒரு லீவு, உங்க ஈஸ்டருக்கு ஒரு லீவு. எப்பதான் வளரும்?"

பிறகு அவை வளர்ந்தன. எட்டு ஆண்டுகள் 'நாரை' அந்த ஆய்வகத்தின் நார்மலாக இருந்தது. எத்தனையோ நோயாளிகளின் செல்கள் அதன் பக்கத்தில் வைத்து அளக்கப்பட்டன.

2001ஆம் ஆண்டு ஜனவரியில் அது நடந்தது. புரதங்களை ஜெல்லில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால் பெரியவை மேலேயே தங்கும், சிறியவை கீழே ஓடும். பிறகு, தேடும் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சேர்த்து, இருட்டறையில் பிலிமை வைத்தெடுத்தால் அது இருக்கும் இடத்தில் கறுப்புக் கோடு விழும். அதுவரை அவர்களிடம் இருந்த எதிர்ப்பொருள் மேஸ்திரியின் வாலை மட்டுமே பற்றும். அந்த மாதம் வந்த புதியதோ தலையைப் பற்றியது. பாதியில் முறிந்துபோய் வாலில்லாமல் பிறந்த புரதமும் இனிமேல் கண்ணுக்குத் தெரியும்.

இருட்டறையின் சிவப்பு விளக்கில் ஒரிசியா பிலிமைத் தூக்கிப் பிடித்தாள். நோயாளிகளின் வரிசைகளில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, எதிர்பார்த்ததுதான். கடைசி வரிசை நாரை. அங்கே மேலே தடித்த ஒற்றைக் கோடு இருக்கவேண்டும். இருந்த கோடோ பாதியாக மெலிந்திருந்தது. அதற்குக் கீழே, வெகு கீழே, இன்னொரு கோடு.

விளக்குக்கு அருகே கொண்டுபோனாள். வரிசையை இந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாள், அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாள். நாரைதான். கழுவுதொட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அடிவயிற்றில் ஏதோ சுருண்டது. அது பயத்தால் சுருண்டதா, வேறெதனாலா என்று நினைத்த மாத்திரத்தில் பயம் இரட்டித்தது.

கதவு தட்டப்பட்டது.

"ஏ மகராணி! உள்ளயே குடித்தனம் பண்றதா உத்தேசமா? வெளிய ஒரு மனுஷன் பிலிமும் கையுமா நிக்கிறான்."

"வரேன், முர்டோ."

"என்ன வந்துச்சு? படமா, பனிமூட்டமா?"

"பனிமூட்டம்" என்றாள் ஒரிசியா. பிலிமை மேலங்கிக்குள் செருகிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கடந்துபோனாள்.

சோதனையைத் திரும்பச் செய்தாள். அதே இரண்டு கோடு. வேறு வழியின்றி ஆய்வகத் தலைவி வால்ட்ராட் பென்னரிடம் போனாள். வால்ட்ராட் சிக்கனமான பேச்சுக்காரி. பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இது நாரைதானே?"

"ஆமா."

"விதி உனக்கே தெரியும். குடுத்தவங்களுக்கு நாம எதையும் சொல்றதில்ல. கேட்டு வாங்கும்போதே அப்படித்தான் சொல்லி வாங்கினோம்."

"குடுத்தவ நான்தானே, வால்ட்ராட்? என் காதுக்கே நான் எப்படிச் சொல்லாம இருக்கிறது?"

வால்ட்ராட் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"இங்க பாரு. இது நம்ம பிலிம், மருத்துவச் சோதனை இல்ல. இத வெச்சு எந்த டாக்டரும் கத்திய எடுக்க மாட்டாங்க. மரபணு மருத்துவமனைக்குப் போ. உன் பேர்ல, முறைப்படி ரத்தம் குடு."

"போறேன்."

"நாளைக்கே."

"நாளைக்கே போறேன்."

அவள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. காலையில், குளிரில் என்ஜின் உறையாமலிருக்க இரவெல்லாம் மாட்டிவைத்திருந்த காரின் மின்கம்பியைச் செருகியிலிருந்து பிடுங்கும்போது, இன்று போகலாம் என்று நினைப்பாள்; ஆய்வகத்தின் திருப்பம் வந்ததும் கைகள் தாமாகவே வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிடும். மேஸ்திரி பழுதானால் என்ன நடக்கும் என்று அறியாதவர்களுக்குப் பயத்துக்கு உருவமில்லை. இவளுக்கோ உருவம் இருந்தது, நிறம் இருந்தது. சாப்பிடும்போதும், தலை வாரும்போதும், தன் உடம்புக்குள் எங்கோ ஓர் இழை அறுந்து, ஒட்ட ஆளில்லாமல் தொங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெண்கள் கூடிப் பெரோகி செய்வார்கள். ஒரிசியாவின் தங்கை டாரியாவும் வருவாள். மாவு வட்டத்தில் உருளைக்கிழங்கை வைத்து மடித்து ஓரத்தைக் கிள்ளி மூடுவதில் டாரியாவின் கைக்கு ஈடில்லை. ஒரிசியா கிள்ளியவை அன்று கொதிநீரில் வாய் பிளந்துகொண்டன.

"என்னக்கா இது? மாவையெல்லாம் மூஞ்சியில பூசிக்கிட்டு, பெரோகிக்கு ஒட்ட மாவில்லாம பண்ணிட்டியா? சுவரு மாதிரி வெளுத்திருக்க."

"தூக்கமில்ல."

"யாராவது கெடச்சுட்டானா? நாப்பத்தஞ்சுக்கு அப்புறம் வர்ற காதல்தான் தூக்கத்தக் கெடுக்கும்னு சொல்வாங்க."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒரிசியாவும் சிரிக்க முயன்றாள். டாரியா ஸ்டெஃபானியாவின் அச்சு. அதே தோள், அதே தொண்டை. அவளுக்கு இரண்டு பெண்கள். எனக்கு இருந்தால் இவளுக்கும் இருக்கலாம், இவளுக்கு இருந்தால் அந்தக் குழந்தைகளுக்கும் இருக்கலாம் என்று மனம் கூட்டிக்கொண்டே போனது. 'டாரியா' என்று வாயைத் திறந்தாள்.

"சொல்லு."

"வெங்காயம் கருகுது" என்றாள் ஒரிசியா.

திங்கட்கிழமை அவள் ஒரு முடிவோடு வந்தாள். தன் கையில் ஊசியேற்றிப் புது ரத்தம் எடுத்து, அதையே ஜெல்லில் இட்டுப் பார்த்துவிடுவது. கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பு எழும்பியது. ஊசியை அருகே கொண்டுபோனாள். அவளால் குத்த முடியவில்லை. பட்டையை அவிழ்த்து, ஊசியைக் கழிவுப்பெட்டியில் போட்டாள்.

விசித்திரமான முடிவு வந்தால், மாதிரி சரியான ஆளுடையதுதானா என்று முதலில் உறுதிசெய்யவேண்டும் என்பது தொழில் நெறி. அந்த நெறியின் பின்னால் இன்னும் இரண்டு நாள் ஒளிந்துகொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இருப்பதிலேயே எளிய சோதனையை எடுத்துக்கொண்டாள்: செல் ஆணுடையதா, பெண்ணுடையதா? பெண் என்றால் ஜெல்லில் ஒரு கோடு. ஆண் என்றால் இரண்டு. விடை தெரிந்த கேள்வி, பயமில்லாத வேலை. உறைந்த நாரைக் குழாய் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் அறிந்த ஆண் மாதிரி ஒன்றும் பெண் மாதிரி ஒன்றும் வைத்து ஓட்டினாள்.

மறுநாள் பிற்பகல் ஜெல்லை ஊதா விளக்கின்மேல் வைத்தாள். மறுபடியும் இரண்டு கோடு.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. இரண்டு கோடுகளைக் கண்டு நடுங்கப் பழகிய கண்கள் இந்த இரண்டையும் கண்டு நடுங்கின. பிறகுதான் அறிவு வந்து சேர்ந்தது. இது ஆணின் செல். நாரை அவளில்லை. எட்டு ஆண்டுகளாக நாரை அவளாக இருந்ததே இல்லை.

முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையில் ஆறுதல் இருந்தது. அது சிறிது நேரந்தான் நீடித்தது. நாரையின் செல்கள் தாமதமாக வளர்ந்த அந்த வசந்தம் நினைவுக்கு வந்தது. உக்ரைனிய ஈஸ்டருக்கு அவள் விடுப்பில் போயிருந்தாள். செல்களுக்கு உணவு மாற்றும் பொறுப்பை முர்டோவிடம் விட்டிருந்தாள். அன்றைக்கு அந்த ஆய்வகத்தில் இருந்த ஒரே ஆண் முர்டோ.

அவனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஐலாவின் பட்டமளிப்புப் படத்தை மேசைக்கு மேலே ஒட்டியிருந்தான்.

கொடுத்தவருக்கு எதையும் சொல்லக்கூடாது. அந்த விதியை எழுதியவர்கள் காரணத்தோடுதான் எழுதியிருந்தார்கள். அவளே அதைப் புதியவர்களுக்குப் படித்துக்காட்டியவள். சொல்லாவிட்டால் முர்டோ இன்று போலவே நாளையும் விசிலடித்துக்கொண்டு வருவான். ஆனால், வால்ட்ராட் முன்னால் தான் கேட்ட கேள்வி அவளை விடவில்லை. தனக்கென்றால் சொல்லலாம், அடுத்தவனுக்கென்றால் விதியா? தன் வயிற்றில் இத்தனை நாள் சுருண்டிருந்ததை எடுத்து இன்னொருவன் வயிற்றில் வைக்கவேண்டியிருந்தது. சுமப்பதைக் காட்டிலும் வைப்பது அவளை அதிகம் நடுக்கியது.

முர்டோ சாப்பாட்டறையில் தனியாக, ரொட்டிக்கு நடுவே புகையூட்டிய மீனை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வா வா. என்ன, சவப்பெட்டி விக்கிறவன் மாதிரி முகத்த வெச்சிருக்க? மீன் வேணும்னா கேளு, அழாத."

"முர்டோ, தொண்ணூத்தி மூணுல, எங்க ஈஸ்டரப்ப, என் செல்லுங்களுக்கு என்ன ஆச்சு?"

அவன் கை நின்றது. காது நுனி சிவந்தது.

"யாரு சொன்னா?"

"செல்லேதான் சொல்லிச்சு. அது ஆம்பளை."

முர்டோ ஒரு கணம் விழித்தான். பிறகு வெடித்துச் சிரித்தான். "அடக் கடவுளே! எட்டு வருஷமா என் ரத்தம் உன் பேர்ல பாவாடை கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கு!" கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மன்னிச்சுடும்மா. உன் செல்லுங்களுக்குள்ள ஈஸ்ட் பூஞ்சை புகுந்துடுச்சு. அப்பல்லாம் நான் வீட்ல பீர் காய்ச்சுவேனே, அந்தக் கையோடயே வந்து திறந்திருக்கேன். மூணாம் நாள் பார்த்தா எல்லாம் பால் மாதிரி கலங்கிக் கெடக்கு. உங்கிட்ட மறுபடியும் கை நீட்டுன்னா ஏன்னு கேப்ப. சரி, நார்மல்னா நார்மல்தானே, யார் கையா இருந்தா என்னன்னு என் கையிலயே குத்தி எடுத்துட்டேன். வால்ட்ராட் கிட்ட சொல்லிடாத, தோல உரிச்சுடுவா."

ஒரிசியா சிரிக்கவில்லை. பிலிமை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

முர்டோ அதைத் தொழில் பழக்கத்தில் ஜன்னலுக்கு நேரே உயர்த்தினான். அவனுக்கு எதையும் விளக்கவேண்டியதில்லை. கண்கள் கடைசி வரிசைக்கு வந்து நின்றன.

"இது நாரையா?"

"ஆமா."

"பனிமூட்டம்னு சொன்னியே, அது இதுதானா?"

"ஆமா."

"இத்தன நாளா இது உன்னுதுன்னு நெனச்சுக்கிட்டா சுத்தின?"

அவள் தலையசைத்தாள். அவன் பிலிமைக் கீழே வைத்தான், திரும்ப எடுத்தான். ஜன்னலுக்கு வெளியே மூன்று மணிக்கே வெளிச்சம் சாயத் தொடங்கியிருந்தது.

"எங்க வீட்ல யாருக்கும்... அம்மாவுக்குத் தொண்ணூறு வயசு, இன்னமும் சீட்டுல ஏமாத்துறா."

"அப்பா?"

"அப்பாவுக்குக் கணையத்துல புற்று." கொஞ்சம் பொறுத்து, "அப்பாவோட அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் மார்புல. நான் இதச் சேர்த்துவெச்சுப் பார்த்ததே இல்ல, ஒரிசியா. இதே வேலையில இருக்கேன், பார்த்ததே இல்ல. பொம்பளைங்க சமாச்சாரம்னு வாயால சொல்ல மாட்டேன், ஆனா உள்ளுக்குள்ள அப்படித்தான் வெச்சிருந்திருக்கேன்."

"இது நம்ம பிலிம்தான். மருத்துவச் சோதனை இல்ல" என்றாள் அவள். வால்ட்ராட்டின் சொற்கள் தன் வாயில் எவ்வளவு மெலிவாக ஒலிக்கின்றன என்று அப்போது தெரிந்தது.

"ஐலாவுக்கு இருபத்திநாலு" என்றான் முர்டோ. ரொட்டியை உறையோடு சுருட்டிக் குப்பையில் போட்டான். "நான் தனியா போக மாட்டேன். நீயும் வா."

"வரேன். எனக்கும் வேலை இருக்கு அங்க."

அதைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தாள். நாரை அவளில்லை என்பதால் அவளுக்குப் பழுதில்லை என்று ஆகிவிடாது. ஸ்டெஃபானியாவின் மகளைப் பற்றி அந்தப் பிலிம் எதுவுமே சொல்லவில்லை.

இருவரும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்தார்கள். முர்டோவின் விடை முதலில் வந்தது. பிலிம் சொன்னதையே அதுவும் சொன்னது. ஒரிசியாவின் விடை ஏப்ரல் மாதம் வந்தது. அன்று முர்டோவும் மூத்த மகளோடு அதே மருத்துவமனைக்கு வந்திருந்தான்; ஐலா ரத்தம் கொடுக்கும் முறைக்குக் காத்திருந்தார்கள். ஒரிசியா தனியாக உள்ளே போகத் துணிவின்றி முர்டோவை அழைத்துக்கொண்டாள்.

மருத்துவர் இளம்பெண். தாளைப் பார்த்து, முகம் மலர்ந்து சொன்னாள்:

"நல்ல சேதி. பழுது எதுவும் இல்ல."

ஒரிசியா அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள்.

"அது என் ரத்தம்தானா?"

"புரியலையே?"

"சோதிச்ச ரத்தம் என்னுதுதானான்னு எப்படித் தெரியும்?"

"குழாயில உங்க பேரு இருக்கு. பிறந்த தேதி இருக்கு."

"பேரு இருந்தா போதாது" என்றாள் ஒரிசியா. "பேரு எழுதியிருந்தா அது நானாயிடுமா? தயவுசெஞ்சு இன்னொரு தடவ எடுங்க. நான் பார்க்கப் பார்க்க எடுங்க. நான் பார்க்கப் பார்க்க ஒட்டுங்க."

மருத்துவர் திகைத்து முர்டோவைப் பார்த்தாள்.

"எடுத்துடுங்கம்மா" என்றான் அவன். "அவ பயப்படறதுல நியாயம் இருக்கு. எங்க ஆய்வகத்துல நாரைக்கு மீசை இருந்துச்சு."

ஒரிசியா கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது கண்ணை மூடவில்லை. குழாய் நிரம்புவதை, பெயர் ஒட்டப்படுவதை, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள். இரண்டாம் முறையும் விடை மாறவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. அதன் பிறகே டாரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இத்தனை நாள் மறைத்ததற்காக டாரியா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

அன்று, பஞ்சைக் கையில் அழுத்தியபடி ஒரிசியா முர்டோவோடு வெளியே வந்தபோது ஐலா நடைவழியில் எழுந்து நின்றாள். தந்தையைப் போலவே உயரம்.

"என்னப்பா, அவங்கள சிரிக்கவெச்சிட்டீங்களா?"

முர்டோ பதில் சொல்ல வாயெடுத்தான். உள்ளேயிருந்து செவிலி ஐலாவின் பெயரைக் கூப்பிட்டாள். ஐலா உள்ளே போனாள். கதவு சாத்தப்படும் வரை, பஞ்சு அழுத்தியிருந்த ஒரிசியாவின் கையை அவன் பிடித்துக்கொண்டே நின்றான். அவளுக்கு வலித்தது, கையை அவள் விலக்கிக்கொள்ளவில்லை.